வார நாள் சமையல்: மாவு, குக்கர், ஞாயிறு ஏற்பாடு, மெஸ் – எதை நம்பிக் குடும்பம் நடத்துவது?

கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், திங்கள் முதல் வெள்ளி வரை எதைச் சமைப்பது, எப்போது சமைப்பது, யார் சமைப்பது என்ற மூன்றையும் ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அப்படிச் செய்யாத வீடுகளில் ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு அதே கேள்வி புதிதாக எழுகிறது. பசியோடு பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் தோசையும் இட்லிப் பொடியுமாகவோ, கைபேசியில் வரவழைத்த பரோட்டாவாகவோ முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு நகர வீடுகளில் இன்று நடைமுறையில் இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். வாரத்துக்கு வேண்டிய மாவை அரைத்து வைத்துக்கொள்வது ஒன்று. அரிசி, பருப்பு, காய் மூன்றும் ஒரே குக்கரில் வேகும் சமையல் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையே சமைத்து ஃபிரிட்ஜில் வைத்து வாரம் முழுவதும் எடுத்துச் சூடாக்குவது மூன்றாவது. மெஸ், கேரியர் சாப்பாடு, சமையலுக்கு ஆள் என்று பொறுப்பை வெளியே ஒப்படைப்பது நான்காவது. இந்த நான்கும் பயன்படுபவைதான். ஆனால் இரவு உணவைப் பொறுத்தவரை குக்கரையே முதன்மையாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்குத் துணையாக அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கான தட்டு வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதன்படி அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 250 கிராம். பருப்பும் பயறும் 85 கிராம். கீரை உட்படக் காய்கள் 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்காத நிலையில் நிறுத்த எடை என்பதை மறந்துவிடக் கூடாது. இதில் இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தானியத்துக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. காய்கறியின் எடையோ தானியத்தின் எடையை விடவும் அதிகம். நம் வீடுகளில் தட்டு நிறையச் சோறும் அதன் ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியலும் என்ற வழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தவுடன் விளங்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. வயிறு நிரம்புகிறது என்பதால் மட்டும் உடம்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சத்தைப் போலவே முக்கியமான இன்னோர் அளவுகோலும் உண்டு: அந்தச் சமையலை வீட்டில் எத்தனை பேரால் செய்ய முடியும்? 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுவதாகக் கணக்கிட்டது. ஒருவருக்கு மட்டுமே பக்குவம் தெரிந்த சமையல் எவ்வளவு சத்தானதாக இருந்தாலும், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று அந்த வீட்டின் அடுப்பு அணைந்துவிடும். எளிமை என்று நான் சொல்வது நிமிடக் கணக்கை மட்டுமல்ல. கணவரும், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் கூடத் தயங்காமல் செய்து முடிக்கக்கூடியதா என்பதையும் சேர்த்துத்தான்.

முதலில் மாவு. உளுந்தையும் அரிசியையும் நான்கு மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் முக்கால் மணி நேரம் அரைத்து, இரவு முழுவதும் புளிக்க விட்டால் நான்கைந்து நாள் காலை உணவுக்குக் கவலையில்லை. புளிக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வேலை செய்வதால், தானியத்திலும் உளுந்திலும் இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்னும் பொருள் குறைகிறது, செரிமானமும் எளிதாகிறது. ஆவியில் வேகும் இட்லிக்கு எண்ணெயும் தேவையில்லை. கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் உண்ணக்கூடிய உணவு இதைப்போல இன்னொன்று சொல்வது கடினம்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்ற வழக்கமான நான்குக்கு ஒன்று அளவில், அரிசியிலிருந்து சுமார் 79 கிராம் புரதமும் உளுந்திலிருந்து சுமார் 58 கிராம் புரதமும் கிடைக்கும். அந்த மாவில் 60 இட்லி வார்த்தால், நான்கு இட்லியில் இருப்பது ஏறத்தாழ 9 கிராம் புரதம்தான். பருப்பும் காயும் தாராளமாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம் கூட வந்தால் அது நல்ல உணவு; தேங்காய்ச் சட்னியோ பொடியும் எண்ணெயுமோ மட்டும் வந்தால், அது பெரும்பகுதி அரிசி உணவு, அதில் காய் என்பதே இல்லை. காலையில் மாவு, இரவிலும் மாவு என்று பழகிவிட்ட வீடுகளின் பிரச்சினை இதுதான். இட்லி மீது குற்றமில்லை. சாம்பார் வைக்க நேரமில்லாத நாளில்தான் நாம் மாவைத் தேடிப் போகிறோம் என்பதால், அதற்குத் துணையாக வேண்டியது தட்டுக்கு வருவதேயில்லை.

கடை மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உளுந்து அரிசியை விட விலை கூடியது என்பதால் விற்பவருக்கு அதைக் குறைக்கத் தூண்டுதல் உண்டு. பொட்டலத்தைப் பார்த்து விகிதத்தை அறிய வாங்குபவருக்கு வழியில்லை. அவசரத்துக்கு வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாரம் முழுவதும் அதையே நம்பும் வீட்டில், சாம்பாருக்கு நேரமில்லாவிட்டாலும் ஒரு பிடி வேகவைத்த பாசிப்பயறோ, ஆளுக்கு ஒரு முட்டையோ தட்டில் சேர்ந்தாக வேண்டும்.

இனி குக்கர். பொங்கல், கிச்சடி, சாம்பார் சாதம், கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் ஆகியவை எல்லாம் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை: தானியம், பருப்பு, காய், தாளிப்பு, அளவான தண்ணீர். பாத்திரத்துக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. சாதாரணப் பாத்திரத்தில் நெடுநேரம் வேகும் துவரம்பருப்பு அதில் சில விசில்களில் குழைந்துவிடுகிறது. காய் வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் உணவோடு சேர்த்தே உண்பதால், நீரில் கரையும் சத்துகளும் வீணாவதில்லை.

கோவை, ஈரோடு வட்டாரத்து அரிசிம்பருப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று முன்பு சொன்ன அளவையும் தாண்டி, இங்கே இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பைத் தயங்காமல் போடலாம். இரண்டையும் சேர்த்துக் கழுவி இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்குள் குக்கரில் எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும் தட்டிய பூண்டும் வதக்கி, தக்காளி குழைந்ததும் மஞ்சள் தூளும் சாம்பார்ப் பொடியும் சேர்த்து, பிறகு நறுக்கிய காய்களைப் போட வேண்டும். கேரட், பீன்ஸ், அவரை, பூசணி என்று அன்று வீட்டில் இருக்கும் எதுவும் பொருந்தும். அரிசி பருப்புக் கலவை ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அளவாக உப்பு. மூன்று நான்கு விசில். ஆவி அடங்கி மூடியைத் திறந்த உடனே, உருவி வைத்த முருங்கைக்கீரையை ஒரு பிடி தூவிக் கிளறி மறுபடி மூடிவிட்டால், அந்தச் சூட்டிலேயே கீரை வெந்து நிறம் மாறாமல் இருக்கும். ஆளுக்கு ஒரு சொட்டு நெய், ஒரு கரண்டி தயிர். அடுப்படியில் ஒருவர் நின்று செய்யும் வேலை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்தைக் குக்கர் பார்த்துக்கொள்ளும்.

கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. நான்கு பேருக்கு 300 கிராம் அரிசியும் 150 கிராம் துவரம்பருப்பும் போட்டால் மொத்தம் சுமார் 56 கிராம் புரதம், ஆளுக்கு 14 கிராம். அதே 450 கிராமையும் அரிசியாகவே வடித்து எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ கிளறினால் ஆளுக்கு 9 கிராம்தான் கிடைக்கும். அரிசிம்பருப்போடு ஒரு வேகவைத்த முட்டை சேர்ந்தால் ஒரே வேளையில் 20 கிராமை எட்டிவிடலாம். வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நாளெல்லாம் தேவைப்படும் புரதம் சுமார் 46 கிராம் என்பதோடு இதை ஒப்பிட்டால் அதன் மதிப்பு புரியும். அரைக் கிலோ காயை அதே குக்கரில் போட்டால் ஆளுக்கு 125 கிராம் வந்துவிடுகிறது. காயை ஒதுக்கித் தள்ளும் பிள்ளைகளும் குழைந்து கலந்துவிட்ட பூசணியையும் கேரட்டையும் உண்டுவிடுகிறார்கள் என்பது தாய்மார்கள் பலரும் அறிந்த செய்தி.

பெருந்திரளான பிள்ளைகளுக்குக் காலையிலேயே சமைத்துப் போட வேண்டியவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் முதன்மையாக இடம்பெற்றவை உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவையும், காய்கறிச் சாம்பாரும்தான். குறைந்த நேரம், குறைந்த பாத்திரம், யார் கை பட்டாலும் பெரிதாக மாறாத பக்குவம் என்ற தேவை அங்கும் இங்கும் ஒன்றே.

குக்கர் சமையலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, குழைந்த சாதம் தொடர்ந்து வந்தால் நாக்கு சலித்துப்போகும்; வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் அதை வைக்கக் கூடாது. இரண்டாவது, குழைய வெந்த அரிசி இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால் அவருக்கு இதைத் தட்டு நிறைய வைப்பது சரியாகாது. அப்படிப்பட்ட வீட்டில் அரிசியின் அளவைப் பாதியாக்கி, பருப்பையும் காயையும் கூட்டி, மீதிக்குச் சாமையோ வரகோ சேர்ப்பது நல்ல மாற்று. அதிகம் தீட்டாத சிறுதானியமாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை வெளேரென்று தீட்டியதில் நாம் தேடும் நார்ச்சத்தே போய்விடும். சிறுதானியம் சேர்த்தாலும் அளவு அளவுதான் என்பதைப் பெரியவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியான ஞாயிறு சமையலைப் பலர் ஆர்வத்தோடு தொடங்குகிறார்கள். மேலை நாட்டு வீடுகளில் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் நம் உணவுக்கும் நம் தட்பவெப்பத்துக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. தேங்காய் அரைத்த கூட்டும் குழம்பும் தேங்காய்த் துருவல் போட்ட பொரியலும் விரைவில் கெடக்கூடியவை. கீரையில் உள்ள வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை வைத்து வைத்துச் சூடாக்கும்போது மேலும் மேலும் குறைகின்றன. சோற்றில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும்; வடித்த சோறு அடுப்படி மேடையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும்; பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. மின்தடை வரும் ஊர்களில் ஃபிரிட்ஜையும் முழுமையாக நம்ப முடியாது.

எனவே ஞாயிற்றுக்கிழமையில் உணவைச் சமைத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையலுக்கு வேண்டியதைத் தயார் செய்து வைப்பதையோ கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். வார நாளில் நேரத்தைத் தின்பது வேகவைப்பது அன்று; வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும்தான். ஞாயிறு மாலை குடும்பம் முழுவதும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தால், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். முருங்கைக்கீரையை உருவி ஈரமில்லாமல் துணியில் சுற்றி வைத்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஆகும். பீன்ஸையும் கேரட்டையும் நறுக்காமல் கழுவித் துடைத்து மட்டும் வைக்கலாம். கொண்டைக்கடலையையும் தட்டைப்பயறையும் இரவு ஊறவைத்து மறுநாள் வேகவைத்து, சிறு சிறு டப்பாக்களாக உறைபெட்டியில் வைத்துக்கொண்டால், சுண்டலாகவோ குழம்பிலோ குக்கர் சாதத்திலோ எந்த நாளும் போட்டுக்கொள்ளலாம். தக்காளித் தொக்கும் பருப்புப் பொடியும் இந்த வரிசையில் வரவேண்டியவை. புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த வத்தக்குழம்பு ஒன்றுதான் சமைத்து வைத்தாலும் சுவை குறையாமல் இரண்டு மூன்று நாள் தாங்கும்; அதோடும் ஒரு பருப்புத் துவையலோ கூட்டோ இருந்தால்தான் சாப்பாடு முழுமையாகும்.

மெஸ், கேரியர் சாப்பாடு, செயலிகள் வழியாக வரும் உணவு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேரம் முழுவதும் மிச்சமாகிறது. அதற்காகப் பணத்தையும் உப்பு, எண்ணெய் அளவின் மீதான பிடியையும் விட்டுக்கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணச் சொல்கிறது. வெளியில் வாங்கும் குழம்பிலும் ஊறுகாயிலும் அந்த அளவைக் காக்க நம்மால் முடியாது. காயும் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். நாள்தோறும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள், வீட்டுச் சுவையில் குறைந்த எண்ணெயில் சமைக்கும் சிறிய மெஸ் ஒன்றைத் தேடிக்கொள்வது செயலியில் நாளுக்கொரு கடையைத் தேடுவதை விடப் பல மடங்கு மேல்.

சமையலுக்கு ஒருவரை அமர்த்துவது இதிலிருந்து வேறுபட்டது, வசதியுள்ளவர்களுக்கு நல்ல வழியும்கூட. ஆனால் அங்கும் பலர் செய்யும் ஒரு பிழை உண்டு. சமைக்க வரும் அம்மாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, எவ்வளவு பருப்பு, எத்தனை காய் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவரோ பல வீடுகளுக்குப் போக வேண்டியவர். உருளைக்கிழங்கு வறுவலும் ரசமும் விரைவில் முடிவதால் அவையே அடிக்கடி வரும். வாரப் பட்டியலை அவரோடு சேர்ந்தே எழுதி, காயையும் கீரையையும் முதல்நாளே வாங்கி வைத்துவிட்டால் அவருக்கும் வேலை எளிதாகும். அவருக்கு விடுப்பு வேண்டும் என்பதையும், விடுப்பு நாளில் வீட்டாரே குக்கரை ஏற்றிக்கொள்ள முடியும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

கடைகளில் கிடைக்கும் உடனடிக் கலவைகளையும் சத்துமாவு டப்பாக்களையும் இந்த ஒப்பீட்டில் ஒரு தனி வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. சர்க்கரை சேர்த்த டப்பாவுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவை வாங்கிக் கூழோ அடையோ செய்து கொடுப்பது விலையிலும் சத்திலும் மேலானது.

இவற்றை இணைத்து ஓர் ஏற்பாடு சொல்வதானால், காலைக்கு வீட்டு மாவு மூன்று நாளும், கேழ்வரகு அடை அல்லது காய் போட்ட உப்புமா மற்ற நாள்களிலும் வரலாம். பிள்ளைகளின் மதிய டப்பாவில் சோறும் பருப்பும் ஒரு காயும், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது முட்டையும். இரவுக்குத் திங்கள், புதன், வெள்ளியில் குக்கர். செவ்வாயில் சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குழம்பும். வியாழனில் தோசையும் முந்தைய நாளே பருப்பு வேகவைத்து எடுத்துவைத்த சாம்பாரும். அசைவம் உண்ணும் வீடுகளில் இந்த நாள்களில் ஒன்றை மத்திக்கோ நெத்திலிக்கோ கொடுத்துவிடலாம். சிறு மீன்கள் விலை குறைந்தவை, முள்ளோடு உண்ணும் நெத்திலி கால்சியமும் தருபவை. குக்கரை ஏற்றும் மூன்று நாளில் ஒரு நாள் கணவரின் பொறுப்பு, ஒரு நாள் மூத்த பிள்ளையின் பொறுப்பு என்று பெயர் எழுதியே ஒட்டிவைக்கலாம். பருப்பும் கீரையும் தரும் இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவுகிறது. சாப்பிட்ட கையோடு அருந்தும் காபியும் தேநீரும் அதைத் தடுக்கின்றன. அதனால் இரவுத் தட்டில் எலுமிச்சைத் துண்டு ஒன்றை வைப்பதையும், காபியை உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைப்பதையும் பட்டியலிலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும்.

இரவுப் பணிக்குச் செல்பவர்கள், ஒற்றைப் பெற்றோராகப் பிள்ளை வளர்ப்பவர்கள், உடல்நலமில்லாதவரைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு இந்த ஏற்பாடும் பாரமாகத் தோன்றலாம். அவர்கள் மதியத்துக்குத் தயங்காமல் மெஸ் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, சோற்றைச் சற்றுக் குறைத்து, உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தாளித்த ஒரு கிண்ணம் பயறும், வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கிய ஒரு தட்டும், ஒரு கிண்ணம் தயிரும் வீட்டிலிருந்து சேர்த்துக்கொள்ளட்டும். வாங்கிய சாப்பாட்டில் குறைவது எதுவோ அது அந்த மூன்றிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. இரவுக்குக் குக்கரை ஏற்ற முடிந்த நாளில் ஏற்றினால் போதும்.